கருனியின் நினைவகக் கணக்கு

கைப்பேசியில் காணொளி எடுக்கத் தொடங்கியதும் அதனுள் பெருஞ்சுமை ஒன்று நகரத் தொடங்குகிறது. 4கே தரத்தில் ஒரு சட்டகம் குறுக்கே 3840 படப்புள்ளிகளும் நெடுக்கே 2160 படப்புள்ளிகளும் கொண்டது. என்.வி.12 என்னும் வழக்கமான வண்ண அமைப்பில் ஒரு புள்ளிக்கு ஒன்றரை பைட் ஆகும். ஆக ஒரு சட்டகத்துக்கு 1,24,41,600 பைட். நொடிக்கு 30 சட்டகங்கள் என்றால் ஏறத்தாழ 37 கோடி பைட். இவை படவுணரியிலிருந்து படத்தைச் செம்மைசெய்யும் சில்லுக்கும், அங்கிருந்து திரைக்கும், அதே வேளையில் காணொளியைச் சுருக்கும் குறியாக்கிக்கும் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சட்டகத்தைப் படியெடுத்தால், படிப்பதும் எழுதுவதுமாக நொடிக்கு 75 கோடி பைட் அளவில் நினைவகப் பாதையில் போக்குவரத்து கூடும். மூன்று கைமாற்றங்களுக்கு அது 200 கோடியைத் தாண்டும். கருவி சூடேறும், மின்கலம் விரைந்து வற்றும். செம்மையாக அமைந்த கைப்பேசியில் இந்தப் படியெடுப்பு நிகழ்வதே இல்லை. சட்டகம் எழுதப்பட்ட இடத்திலேயே இருக்கிறது; அதைத் தொடும் உரிமை மட்டும் கைமாறுகிறது.

அந்த உரிமையைக் காப்பது இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனி, பலரும் கெர்னல் என்று அறிந்த நிரல். நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் கலையில் அறுபது ஆண்டுகளாகக் கனிந்த கணித நயம் உண்டு. ஆயினும் கருனியை வருத்தும் சிக்கல் கொடுத்த பின்னரே தொடங்குகிறது. கொடுத்த இடத்தை இந்நொடியில் யார் யார் பற்றியிருக்கிறார்கள், அவர்களுள் எவர் எழுதலாம், எவர் கைவிட்ட பிறகு அதைத் திரும்ப எடுக்கலாம் என்ற கணக்கைப் பிழையின்றிக் காப்பதே அரிது. அண்மைக் காலத்தில் கருனிகளில் கண்டறியப்பட்ட கொடிய பிழைகள் பலவும் அந்தக் கணக்கு வழுவிய இடங்களில்தாம் பிறந்திருக்கின்றன.

லினக்ஸ் கருனியைச் சான்றாகக் கொள்வோம். ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை அது இயங்குகிறது. அதன் மூலநிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம். அது நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்துக் காண்கிறது; ஒரு பக்கம் பெரும்பாலும் 4096 பைட். பக்கங்களைப் பங்கிட அது கையாளும் இணைமுறை 1963-இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் கண்டது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென்னத் நோல்ட்டன் 1965-இல் அதை விளக்கி வெளியிட்டார். முதலீடுகளைப் பகிர்ந்து வைக்கும் ஆய்வுக்காக 1990-இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற அதே மார்க்கோவிட்ஸ்தான் இவர்.

இம்முறையில் எல்லாத் துண்டுகளும் இரண்டின் அடுக்குகளாகவே இருக்கும். 1, 2, 4, 8 எனத் தொடங்கி, லினக்ஸில் வழக்கமாக 1024 பக்கங்கள் வரை. நான்கு பக்கம் கேட்கும்போது எட்டுப் பக்கத் துண்டு மட்டுமே இருந்தால், அதை இரண்டாக வகிர்ந்து ஒரு பாதியைத் தந்து மறு பாதியை நான்கின் வரிசையில் வைக்கும். பிரிந்த பாதிகள் ஒன்றுக்கொன்று இணை. ஒரு பாதி திரும்பும்போது அதன் இணையும் பயனின்றி இருந்தால் இரண்டும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இணை எங்கே என்று தேட வேண்டியதில்லை என்பதே இதன் நயம். 12-ஆம் பக்கத்தில் தொடங்கும் நான்கு பக்கத் துண்டு ஒன்று திரும்பி வருகிறது என்போம். 12 இரும எண்ணில் 1100. துண்டின் அளவாகிய 4-க்கு உரிய பிட்டை மட்டும் புரட்டினால் 1000, அதாவது 8. இணை 8-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் 8-இல் தொடங்கும் எட்டுப் பக்கத் துண்டு. இப்போது 8-க்கு உரிய பிட்டைப் புரட்டினால் 0, அதுவே அடுத்த இணை. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு கணக்கீடு. கணிப்பொறியியலில் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு நிறைந்த பயன் தரும் சிந்தனைகள் மிகச் சில.

நயத்துக்கு விலையும் உண்டு. 1920-க்கு 1080 அளவுள்ள சட்டகத்துக்கு 760 பக்கங்கள் வேண்டும்; இரண்டின் அடுக்குகளில் அதற்கு அடுத்தது 1024. எஞ்சும் 264 பக்கங்களைப் பிரித்துத் திருப்பித் தர முனையாவிட்டால் பத்து இலட்சம் பைட்டுக்கு மேல் வீணாகும். 4கே சட்டகத்துக்கோ 3038 பக்கங்கள். மிகப் பெரிய துண்டே 1024 என்னும்போது அதை ஒரே தொடர் இடமாகத் தர இணைமுறையால் இயலாது. மையச் செயலிக்கு இதனால் இடரில்லை. முகவரி மாற்றும் அட்டவணையின் துணையால் அது சிதறிய பக்கங்களையும் தொடர்ச்சியாகக் காணும். ஆனால் சாதனங்கள் அந்த அட்டவணையைப் பாராமல் நினைவகத்தில் நேரே எழுதுகின்றன. டி.எம்.ஏ. எனப்படும் இந்த நேரடி அணுகலில், தனக்கென ஒரு முகவரி மாற்றி வாய்க்காத படக்கருவிக்கு இடைவெளியற்ற பரப்பே வேண்டியிருக்கிறது.

2012-இல் லினக்ஸ் 3.5 பதிப்பில் சேர்ந்த தொடர் நினைவக ஒதுக்கி இதற்குத் துணிவான ஒரு வழி கண்டது. கணினி தொடங்கும்போதே பெரும்பரப்பு ஒன்றை ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம். படக்கருவி இயங்காத நேரமெல்லாம் அந்த இடம் தரிசாகக் கிடக்கும். புதிய ஒதுக்கி அதைப் பிறருக்கு இரவல் தருகிறது, ஒரு கட்டுப்பாட்டுடன்: இடம்பெயரத்தக்க பக்கங்கள் மட்டுமே அங்கே தங்கலாம். பயனர் நிரல்களின் தரவுப் பக்கங்கள் அத்தகையவை. அட்டவணையில் முகவரியை மாற்றிவிட்டால் பக்கம் வேறிடம் போனதை நிரல் அறியவே அறியாது. படக்கருவி கேட்கும்போது அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டுப் பரப்பை ஒப்படைக்கும். எவரேனும் ஒருவர் ஒரே ஒரு பக்கத்தை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தால் ஒப்படைப்பு தடைபடும். ஒதுக்கீடு பற்றிப் பேசும்போதே, யார் பற்றியிருக்கிறார் என்ற கேள்வி இவ்வாறு தலைகாட்டிவிடுகிறது.

கருனியின் அன்றாடத் தேவைகளோ பக்கத்தைவிட மிகச் சிறியவை. நூறு பைட், இருநூறு பைட் என்ற அளவின. இவற்றுக்காக 1994-இல் சன் நிறுவனத்தின் சொலாரிஸ் இயங்குதளத்துக்கு ஜெஃப் பான்விக் அமைத்த ஸ்லாப் முறை இன்றும் வழிகாட்டி. ஒரே வகைப் பொருள்களை ஒரே பக்கத் தொகுதியில் அடுக்கி, விடுவிக்கப்பட்ட பொருளை முற்றும் கலைக்காமல் அடுத்த முறைக்கு ஆயத்த நிலையிலேயே வைத்திருப்பது அதன் கருத்து. லினக்ஸில் ஸ்லாப், ஸ்லோப், ஸ்லப் என மூன்று வடிவங்கள் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தன. கிறிஸ்டோஃப் லாமிட்டர் ஆக்கி 2007-இல் சேர்ந்த ஸ்லப் மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறது. மற்ற இரண்டில் ஒன்று 2023-இலும் மற்றது 2024-இலும் நீக்கப்பட்டன.

கேட்பவரின் நிலையும் ஒதுக்கீட்டில் ஒரு கூறு. சாதாரண நிரலின் பொருட்டு இயங்கும் கருனிக் குறிமுறை நினைவகம் கிடைக்கும்வரை உறங்கிக் காத்திருக்கலாம். அதற்குள் பழைய பக்கங்களை வட்டில் எழுதி இடத்தை விடுவிக்கலாம். வலையமைப்பு அட்டை குறுக்கிட்டு எழுப்பிய குறிமுறைக்கோ உறங்கும் உரிமை இல்லை. ஆகவே ஒவ்வொரு கேட்பிலும் காத்திருக்கலாமா, கூடாதா என்ற கொடி இணைந்தே செல்கிறது. கூடாதெனில் கருனி சேமிப்பிலிருந்து உடனே எடுத்துத் தரும்; அதுவும் தீர்ந்தால் மறுத்துவிடும். மறுப்பைத் தாங்கும் ஆயத்தமில்லாமல் எழுதப்பட்ட சாதன இயக்கி நிரல் நெருக்கடி நாளில் கணினியையே வீழ்த்தும்.

இனி, பகிர்தலுக்கு வருவோம். அதன் தேவை முதலில் கூர்மையாக வெளிப்பட்ட இடம் வலையமைப்பு. டி.சி.பி. நெறிமுறை தான் அனுப்பிய தரவை, மறுமுனை பெற்றுக்கொண்டதாகச் சொல்லும்வரை கைவிடக் கூடாது. வழியில் தொலைந்தால் மீண்டும் அனுப்ப வேண்டும். அதே தரவு அதே நேரத்தில் அட்டையின் வரிசையிலும் நிற்கிறது. எனவே தரவுக்கு ஒரே காலத்தில் இரண்டு உரிமையாளர்கள். 1983-இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. இயங்குதளம் இதற்கு எம்பஃப் என்ற சிறு இடையகங்களை அமைத்தது. ஒவ்வொன்றும் 128 பைட், அதில் தரவுக்கு 112. பெருந்தரவு தனித் தொகுதிகளில் தங்கும். அத்தொகுதிகளைப் படியெடுக்காமலே பலர் சுட்டலாம். லினக்ஸ் இதே கருத்தை வேறு வடிவில் ஏற்றது. பொட்டலத்தை இரட்டிக்கும்போது அதன் சிறு தலைப்பு மட்டும் படியெடுக்கப்படுகிறது. தரவுப் பகுதி பொது. அந்தத் தரவுப் பகுதியின் முடிவில் ஓர் எண் இருக்கிறது: இதை இப்போது எத்தனை தலைப்புகள் சுட்டுகின்றன என்பதே அது. பொட்டலங்களை வேவு பார்க்கும் கருவி ஒன்றை இயக்கினால் அதற்கும் ஒரு தலைப்பு, எண்ணில் ஒன்று கூடும்.

ரெஃப்கவுண்ட் என்று வல்லுநர் வழங்கும் இந்தப் பற்றெண் கருனி முழுவதும் பரவியிருக்கிறது. பற்றுபவர் ஒன்று கூட்டுவார். விடுபவர் ஒன்று கழிப்பார். கடைசியில் வெளியேறுபவர் கதவைச் சாத்துவது போல, எண்ணைச் சுழியாக்கியவரே இடையகத்தை ஒதுக்கியிடம் திருப்பித் தர வேண்டும். கழிக்க மறந்தால் அந்த நினைவகம் எவருக்கும் பயன்படாமல் கிடந்து, சிறுகச் சிறுகக் கணினியை வற்றச் செய்யும். ஒருமுறை மிகையாகக் கழித்தால் கேடு பெரிது: இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்ட பின்னும் பழையவர் அதில் எழுதிக்கொண்டிருப்பார்.

இதன் வியப்பூட்டும் சான்று ஒன்று 2016 சனவரியில் வெளிப்பட்டது. கருனியின் சாவிக்கொத்துப் பகுதியில், ஒரு நிரல் தான் ஏற்கெனவே வைத்திருக்கும் அமர்வுக் கொத்திலேயே மீண்டும் சேர முயன்றால் பற்றெண் ஒன்று கூடும், கழியாது. ஒருமுறை நிகழ்ந்தால் வெறும் ஒழுகல். ஆனால் அது 32 பிட் எண். 4,29,49,67,296 முறை சேர முயன்றால் எண் ஒரு சுற்றுச் சுற்றிச் சுழிக்கு வந்துவிடும். கருனி அதை எவரும் பற்றாத பொருளென்று எண்ணி விடுவித்துவிடும். பொறுமையுள்ள நிரல் ஒன்று அந்த இடத்தில் தன் தரவை வைத்து, கணினியின் தலைமை உரிமையைக் கைப்பற்றலாம். 2017-இல் 4.11 பதிப்பில் பற்றெண்ணுக்கென்றே தனி வகை ஒன்று வந்தது. அது எல்லையைத் தொட்டால் சுற்றி வராது; அங்கேயே உறைந்து நிற்கும். அப்பொருள் இனி என்றைக்கும் விடுவிக்கப்படாது. சிறிது நினைவகத்தை இழந்தாலும் பிறர் இடத்தில் எழுதவிடுவதில்லை என்ற இந்தத் தேர்வு முற்றிலும் சரியானது. முன்னரே வந்திருக்க வேண்டியது.

எண் சரியாக இருந்தும் கணக்கு வழுவக்கூடும் என்பதை 2022 மார்ச் 7 அன்று மாக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட பிழை காட்டியது. இணையத்தள வாடிக்கையாளர் ஒருவரின் சுருக்கப்பட்ட பதிவுக் கோப்பு விரியவில்லை என்ற முறையீட்டில் அவருடைய தேடல் தொடங்கியது. பார்த்தால், கோப்பின் இறுதி 8 பைட்டுகளில் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஜிப் கோப்பு ஒன்றின் தலைப்பு எழுத்துகள் அமர்ந்திருந்தன. அக்கோப்பில் எழுதும் உரிமையே இல்லாத நிரல் ஒன்றின் வெளியீடு அதற்குள் புகுந்திருந்தது. வட்டும் நினைவகமும் பழுதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, கருனியையே ஐயுற வேண்டிய நிலைக்கு அவர் வந்தார்.

நிரல்களுக்கிடையே தரவு கடத்தும் குழாய் என்பது கருனிக்குள் இயல்பாக 16 அறைகள் கொண்ட வளையம். ஒவ்வோர் அறையிலும் ஒரு பக்கத்தின் சுட்டு, தொடக்கம், நீளம், சில கொடிகள். நிரல் ஒன்று குழாயில் சில எழுத்துகளை இட்டால் கருனி ஒரு புதுப் பக்கத்தை ஒதுக்கி, இதிலேயே மேலும் சேர்க்கலாம் என்று கொடி நாட்டும். அடுத்த எழுத்துகள் அதே பக்கத்தின் மீதியில் அமரும். 2006 முதல் லினக்ஸில் ஸ்பிளைஸ் என்ற அழைப்பும் உண்டு. அது கோப்பின் உள்ளடக்கத்தைப் படியெடுக்காமல், கருனி ஏற்கெனவே நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்புப் பக்கத்தையே குழாயின் அறையிலிருந்து சுட்டச் செய்கிறது. பற்றெண் ஒன்று கூடுகிறது, எல்லாம் முறைப்படி. ஆனால் அறையைப் புதுப்பித்தவர்கள் பழைய கொடியை அழிக்கவில்லை. முன்பு அந்த அறையில் நாட்டப்பட்டிருந்த கொடி, இப்போது வந்திருக்கும் கோப்புப் பக்கத்துக்கும் பொருந்திவிடுகிறது. அடுத்துக் குழாயில் இடும் எழுத்து நேரே கோப்பின் பக்கத்தில் விழுகிறது; அந்தக் கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு நிரலும் மாறிய உள்ளடக்கத்தையே காண்கிறது.

கொடியை அழிக்காத பிசகு 2016-இலேயே புகுந்துவிட்டது, அப்போது தீங்கற்றது. 2020-இல் 5.8 பதிப்பில் வேறொரு சீரமைப்பின்போது, சேர்க்கலாமா என்ற தீர்ப்பு இந்தக் கொடியின் பொறுப்பாயிற்று. உறங்கிக் கிடந்த பிசகு அன்று விழித்துக்கொண்டது. திருத்தம் இரண்டே வரி: இரண்டு இடங்களில் கொடியைச் சுழியாக்கியது. பக்கம் பகிரப்படுகிறது என்பதைப் பற்றெண் சரியாகவே சொன்னது. பகிர்ந்தவருள் எவர் எழுதலாம் என்பதைச் சொல்ல வேண்டிய கொடி பொய் சொல்லிற்று. பகிர்தலின் கணக்கு எண்ணிக்கை மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

படக்கருவியின் சட்டகத்துக்கு இந்த இரு கணக்குகளும் ஒருங்கே வேண்டும். கூடவே மூன்றாவதாகக் காலக் கணக்கும். முன்பெல்லாம் படக்கருவி இயக்கியின் இடையகத்தைத் திரை இயக்கி அறியாது. ஒவ்வொரு துணையமைப்பும் தனித்தனி முறையில் நினைவகம் ஒதுக்கிற்று. சுமித் செம்வாலின் முயற்சியால் 2012-இல் 3.3 பதிப்பில் சேர்ந்த டி.எம்.ஏ.-பஃப் என்ற ஏற்பாடு அவற்றை இணைத்தது. இடையகத்தை ஒதுக்கியவர் ஏற்றுமதியாளர். பயன்படுத்த வருபவர்கள் இறக்குமதியாளர்கள். இடையகம் பயனர் நிரலின் கையில் ஒரு கோப்பெண்ணாகத் தோன்றுகிறது. இந்த ஒரு தேர்வுக்காகவே அதை வடிவமைத்தோரைப் பாராட்ட வேண்டும். திறந்த கோப்புக்குப் பற்றெண் முன்னரே உண்டு. அதை மற்றொரு நிரலுக்குச் சாக்கெட் வழியே ஒப்படைக்கும் வழி முன்னரே உண்டு. நிரல் திடீரென மடிந்தால் அதன் கோப்புகளையெல்லாம் கருனி தானே மூடும் என்பதும் பழைய உறுதி. பல்லாண்டு சோதனையில் தேறிய கணக்கேட்டின் மேல் புதிய உரிமை எழுதப்பட்டது.

வந்து சேரும் ஒவ்வொரு சாதனமும் முதலில் இணைகிறது, பின்னரே முகவரியைக் கேட்கிறது. எல்லாரும் இணைந்த பிறகு, எவருக்குத் தொடர் பரப்பு வேண்டும், எவர் தாழ்ந்த முகவரிகளையே எட்ட வல்லவர் என்று அறிந்து, அனைவருக்கும் ஏற்ற இடத்தை ஏற்றுமதியாளர் தேரலாம் என்பது கருத்து. நடைமுறையில் பல இயக்கிகள் முன்கூட்டியே ஒதுக்கிவிடுகின்றன. வடிவமைப்பின் இந்த நல்ல பகுதி போதிய பயன் பெறவில்லை. காலக் கணக்கை வேலிகள் காக்கின்றன. செம்மைசெய்யும் சில்லு வேலையை முடிக்கும்வரை அதன் வேலி நிற்கும். அது விழுந்த பின்னரே திரை அச்சட்டகத்தைப் படிக்கும். மையச் செயலி இடையில் எட்டிப்பார்க்க விரும்பினால் தொடக்கமும் முடிவும் அறிவிக்க வேண்டும். இல்லையேல் தன் விரைவு நினைவகத்தில் தங்கிய பழைய தரவையே அது காண நேரும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு கேள்வி எளிதில் தீர்வதாயில்லை. பற்றெண் எத்தனை பேர் என்று சொல்லும். நினைவகம் யார் கணக்கில் என்று சொல்லாது. ஆண்ட்ராய்டில் வரைகலை இடையகத்தை ஒதுக்குவது ஒரு சேவை நிரல், அதில் வரைவது ஒரு செயலி, திரையில் சேர்ப்பது இன்னொரு சேவை. நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது கருனி எவரை வீழ்த்துவது? ஒருவரை வீழ்த்தினாலும் மற்றவர் பற்றியிருக்கும்வரை இடம் விடுபடாது. ஐயான் என்ற பழைய ஆண்ட்ராய்டு ஒதுக்கிக்கு மாற்றாக 2020-இல் 5.6 பதிப்பில் டி.எம்.ஏ.-பஃப் குவியல்கள் வந்து, ஒதுக்கும் வாயில்களைத் தனித்தனியாகப் பிரித்தன. எந்த நிரல் எவ்வகை இடையகத்தைக் கேட்கலாம் என்று இப்போது வரையறுக்க முடிகிறது. செலவை எவர் பெயரில் எழுதுவது என்பது வேறு சிக்கல்.

கடைசிப் பற்றும் விடுபட்டு எண் சுழியான பின்னும் ஒருவர் எஞ்சியிருக்கக் கூடும்: சாதனம். இன்றைய கணினிகளில் சாதனங்களுக்கும் முகவரி மாற்றிகள் உண்டு. இடையகத்தை விடுவிக்குமுன் இயக்கி அங்குள்ள பதிவை நீக்கும். ஆனால் மாற்றி, அண்மையில் கண்ட முகவரிகளைத் தன் சிறு நினைவில் வைத்திருக்கிறது; அதையும் துடைத்தால்தான் சாதனத்தின் கை முற்றிலும் விலகும். துடைப்பது மெதுவான வேலை. நொடிக்கு இலட்சக்கணக்கான பொட்டலங்களைக் கையாளும் வலையமைப்பு அட்டையில் ஒவ்வோர் இடையகத்துக்கும் துடைப்பது வேகத்தைக் கெடுக்கும். எனவே பல கணினிகளில் லினக்ஸ் இயல்பாகவே இந்த வேலையைத் தள்ளிப்போட்டு, 10 மில்லிநொடி வரை சேர்த்துவைத்து ஒருமிக்கத் துடைக்கிறது. அந்த இடைவெளியில் பக்கம் வேறொருவருக்குப் போயிருந்தாலும் பழைய சாதனம் அதில் எழுத முடியும். தண்டர்போல்ட் துளையில் வெளியிலிருந்து செருகப்படும் சாதனங்களைக் கருனி நம்புவதில்லை. அவற்றுக்கு மட்டும் உடனுக்குடன் துடைக்கிறது. எல்லாச் சாதனங்களுக்கும் அவ்வாறே செய்ய, கருனியைத் தொடங்கும் கட்டளை வரியில் ஓர் அளவுரு போதும். அதனால் வலையமைப்பின் வேகம் எவ்வளவு குறையும் என்பதை நிர்வாகி தம் கணினியில் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.